குதிக்காதே யூனிஸ்!

"ஐயோ... ஆளு விழுகுதுடி... ஆளு!"

வேலாயி போட்ட அலறலில் குறிஞ்சிமட்டம் எஸ்டேட்டே கிடுகிடுத்தது.

கொழுந்து பறித்துக் கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே, பாறை முகட்டிலிருந்து ஓர் உருவம்! காக்கிச் சட்டை, கறுப்புக் கால்சட்டை... தலைகீழாகச் சுழன்று சுழன்று...

தொப்!

தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தது. அப்புறம் அசையவே இல்லை.

நடுவட்டம் கடைத்தெருவில் டீ குடித்துக் கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து, டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் விரைந்து வந்தார். திருநெல்வேலிக்காரர். நீலகிரிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டுவதுதான் அவருக்கு முழு நேர வேலை. மிச்ச நேரத்தில் போலீஸ் வேலையும் பார்த்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க! மொதல்ல பாத்தது யாரு?"

"நாந்தாங்க ஐயா," என்றாள் வேலாயி. தலைமன்னாரில் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது அவளுக்கு. "சிலோன்ல இருந்து உசிரோட வந்து சேந்ததே பெருசு. இங்க வந்து இதையும் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு!"

சுடலைமுத்து குனிந்து பிணத்தின் கையைப் பிடித்தார்.

கை தனியாகக் கழன்று வந்தது!

சட்டைக்குள்ளிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது.

"என்ன எழவுடா இது! பிணத்துக்குள்ள ஆத்து மணல் இருக்கு!"

"பிணம் இல்லீங்க சார்! அது எங்க கிளப் மாப்பிள்ளைங்க!"

சரிவில் இறங்கி ஓடி வந்தாள் யூனிஸ். எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசர். வாரமெல்லாம் தொழிலாளிகளின் குறை கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்ததும் கிளைடர் கிளப்புக்கு ஓடிவிடுவாள். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். தரையில் விஞ்ச் என்கிற சுற்று இயந்திரம் வைத்துக் கயிற்றால் இழுத்து மேலே விட்டால், மலையில் மோதி எழும்புகிற காற்றிலேயே மிதக்கும். அந்தக் கிளப்பின் ஒரே பெண் பைலட் யூனிஸ்தான்.

"மாப்பிள்ளையா? யாருக்கு?"

"மணல் மூட்டைக்கு நாங்க வச்ச பேருங்க. ஆபத்துன்னா குதிக்க எந்தப் பாராசூட் வாங்கறதுன்னு சோதனை பண்ணிட்டிருக்கோம். அதுக்கு மனுசனையா தள்ளிவிட முடியும்?"

"தள்ளிவிட்டா எனக்கு வேலை மிச்சம். இது விரியவே இல்லியேம்மா?"

"அதாங்க சோதனை. இது பட்டாளத்துல கழிச்சுக் கட்டின பழசு. பாதி விலைக்கு வருதுன்னு எங்க மாமாதான் பிடிச்ச பிடியா நின்னார்."

பின்னாலேயே வந்த சகாயம், பையைப் பிரித்துத் துணியை முகர்ந்தார். ராணுவத்தில் பாராசூட் மடித்துக் கொடுத்தே மீசை நரைத்தவர். இப்போது கிளப்பில் அதே வேலை.

"பூஞ்சை வாசனைங்க அம்மிணி. மடிப்பு மடிப்பா ஒட்டிக்கிட்டிருக்கு. இதை மாட்டிக்கிட்டு குதிக்கிறதுக்குச் சும்மாவே குதிக்கலாம்!"

அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் தனசிங். எஸ்டேட் ரைட்டர். கொழுந்து நிறுக்கிற தராசும் ஸ்டோர் சாவியும் அவர் கையில். யூனிஸைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹெர்பர்ட்டின் அப்பா.

விழுந்த உருவத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செடிகளைத்தான் பார்த்தார்.

"ஆண்டவரே! நாலு செடி போச்சே! யாரு இதுக்குப் பதில் சொல்றது?"

கஞ்சன் என்றால் அப்படி இப்படிக் கஞ்சன் இல்லை. பல்பொடியை விரலில் தொடுவார். விரலைப் பல்லில் வைப்பதற்குள் பாதியை டப்பாவிலேயே தட்டிவிடுவார்.

"செடியை விடுங்க ரைட்டரய்யா," என்றாள் வேலாயி. "உங்க தராசு தெனம் ரெண்டு கிலோ முழுங்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"என் தராசு ஒரு இலை கூடப் பிசகாது!"

"மாமா, நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்," என்றாள் யூனிஸ். "தராசை மாத்துங்க. இல்லேன்னா கல்யாணம் முடிஞ்ச கையோட கம்பெனி போர்டுக்கு நானே எழுதுவேன்."

"மாமனார் மேலேயே புகாரா? நல்லாருக்கும்மா! ரொம்ப நல்லாருக்கு!" தனசிங்கின் முகம் சுண்டிப்போயிற்று.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு பாராசூட்டும் மாப்பிள்ளையின் முதுகிலும் நெஞ்சிலும் ஏறின. இரண்டும் அழகாக விரிந்தன. மாப்பிள்ளை மிதந்து வந்து வேலாயியின் காலடியில் உட்கார்ந்தபோது பெண்கள் குலவை கூடப் போட்டார்கள்.

"ரெண்டுமே விரியுதுங்களே. எதை எடுக்கறது?" என்று கேட்டார் சகாயம்.

யூனிஸ் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கிளைடருக்குள் உட்கார்ந்து பார்த்தாள்.

"நெஞ்சுல மாட்டறது வேண்டாம்ண்ணா. ஓட்டற ஸ்டிக்கை வயித்துப் பக்கம் இழுத்தா பையில இடிக்குது. கிளைடரை ஒழுங்கா ஓட்டவே விடாது. அதை மாட்டினதாலேயே நான் குதிக்க வேண்டி வரும்!"

"முதுகுல மாட்டறது?"

"சீட்டுல இருக்கற மெத்தையை எடுத்துட்டா இது அந்த இடத்துல கச்சிதமா உட்காருது. பட்டையையும் என் உடம்புக்குத் தக்கபடி இறுக்க முடியுது. பட்டை லூசா இருந்தா குடை மட்டும் மேல நிக்கும். நான் தனியா நழுவிக் கீழ வந்துடுவேன்."

"அப்ப இதேதானுங்க?"

"இதேதான். முன் சீட்டுக்கு ஒண்ணு, பின் சீட்டுக்கு ஒண்ணு, ஸ்பேர் ஒண்ணு. மூணு வாங்கிடலாம்."

வாங்கினார்கள். சகாயம் தன் கையாலேயே மூன்றையும் மடித்துக் கட்டினார். எஸ்டேட் ஸ்டோரில் பத்திரமாக வைத்துப் பூட்டினார்கள். முன் சீட்டுப் பையில் மட்டும் யூனிஸின் பெயர் தைத்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் பறப்பதாக ஏற்பாடு.

ஆனால் தென்மேற்குக் காற்று யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? அந்தச் சனிக்கிழமையே மலைச்சரிவில் ஜம்மென்று வீச ஆரம்பித்துவிட்டது. இந்தக் காற்றை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும். "நாளைக்கே பறக்கறேன்!" என்று அறிவித்துவிட்டாள் யூனிஸ்.

சாயங்காலம் அவள் குவார்ட்டர்ஸில் டெலிபோன் அலறியது.

டிர்ரிங்... டிர்ரிங்...

எடுத்தாள்.

"ஹலோ?"

"நாளைக்குப் பறக்காதே..."

வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல்!

"யாருங்க பேசறது?"

"பறந்தா... உனக்குக் கல்யாணம் இல்லே. காரியம்தான்!"

டொக்.

யூனிஸ் ரிசீவரை வைத்தாள். பயம்தான். வருகிற புதன்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் பயமிருக்காது? ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாக இருந்தது.

ஞாயிறு காலை. கிளைடர் நின்றிருந்த புல்வெளிக்கு எஸ்டேட் லாரியில் மூன்று பைகளும் வந்து இறங்கின. யூனிஸ் தன் பெயர் தைத்த பையைத் தூக்கி முதுகில் மாட்டினாள்.

திடுக்கிட்டாள்!

கனத்தது.

சோதனை நடந்த அன்று இதே மாதிரிப் பையை மாட்டிக்கொண்டு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாள்! அவள் முதுகுக்கு அதன் கனம் நன்றாகத் தெரியும்.

"சகாயண்ணா... இதைப் பிரிங்க."

"இப்பத்தானுங்களே—"

"பிரிங்கண்ணா!"

சகாயம் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளை நைலான் குடை இல்லை. கயிறுகள் இல்லை. பழைய கம்பளி ஒன்றும், நாலைந்து சாக்கும் பதவிசாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அடப்பாவி..." என்றார் சகாயம். 

தகவல் போன சூட்டில் இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து வந்துவிட்டார். மஃப்ளருக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"மடிச்சது யாரு?"

"நானுங்க."

"ஸ்டோர் சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு. ரைட்டர்கிட்ட ஒண்ணுங்க."

"ரைட்டர் இந்தம்மாவுக்கு மாமனாராகப் போறவரு. அவரு செய்வாரா? நீரு ஜீப்புல ஏறும் வே!"

"சார்! நான் மடிச்ச பாராசூட்டை மாட்டிக்கிட்டு நானே குதிக்கணும்னாலும் யோசிக்காம குதிப்பேனுங்க! எங்க ரெஜிமெண்ட்ல அதுதான் பழக்கம்!" சகாயத்தின் கண்கள் கலங்கிவிட்டன.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் யூனிஸ். "என்கூட ஃபேக்டரி வரைக்கும் வாங்க. சகாயண்ணனும் வரட்டும்."

ஃபேக்டரியில் இரண்டு தராசுகள். கொழுந்து வாங்குவதற்கு ஒன்று. தூளைப் பெட்டியில் அடைத்து விற்பதற்கு இன்னொன்று. யூனிஸ் அந்தக் கம்பளிப் பையைத் தூக்கித் தூள் தராசில் வைத்தாள்.

"எவ்வளவு சார் காட்டுது?"

"ஒம்பது கிலோ."

"பைக்கு அடியில கம்பெனிக்காரன் எடையைத் தைச்சிருக்கான். படிங்க."

"ஏழு கிலோ. அப்ப ரெண்டு கிலோ கூட இருக்கு. அதனாலென்ன?"

"மாத்தினவன் எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஏழு கிலோவுக்குச் சரியா நிறுத்துத்தான் வச்சிருக்கான். எதுல நிறுத்தான்னு இப்பப் பாருங்க."

பையைக் கொழுந்துத் தராசுக்கு மாற்றினாள்.

முள் ஆடியது... ஆடியது... நின்றது.

ஏழு!

சுடலைமுத்துவின் மஃப்ளர் தானாகவே கீழே இறங்கியது.

"இது பொய்த் தராசு சார். ரெண்டு கிலோ முழுங்கும். தோட்டத்துல குழந்தைக்குக் கூடத் தெரியும். சகாயண்ணனுக்கும் தெரியும். வேற யாரு நிறுத்திருந்தாலும் ரெண்டைக் கூட்டித்தான் கணக்குப் போட்டிருப்பாங்க. இது சரியான தராசுன்னு அஞ்சு வருஷமா அடிச்சுச் சொல்லிட்டிருக்கறது ஒரே ஒருத்தர்தான். மத்தவங்க கிட்டச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிட்டார்!"

"தனசிங்கா! போர்டுக்கு எழுதுவேன்னியளே... அதுக்காகக் கொல்லப் பாத்தானா? வாரும் வே, இப்பவே தூக்கிருவோம்!"

"இருங்க சார்."

யூனிஸ் குறுக்கே கை நீட்டினாள். புதன்கிழமை ஹெர்பர்ட்டின் கையைப் பிடிக்கப் போகிறவள் அவள். அவன் அப்பாவே தன்னைக் கொல்ல நினைத்தாரா? இது தெரியாமல் அந்த வீட்டுப் படியை அவளால் மிதிக்க முடியாது.

"அவர் கொலைகாரரா, வெறும் திருடரான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. என்னைப் பறக்க விடுங்க. நீங்க மட்டும் கொழுந்துக் காட்டுல போய் நில்லுங்க."

ஸ்பேர் பையைச் சகாயம் மறுபடி பிரித்துப் பார்த்து, மடித்து, யூனிஸின் பெயர் தைத்த உறையை அதன்மேல் மாட்டினார். பின் சீட்டுப் பையையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சோதித்தார். இரண்டிலும் குடை இருந்தது.

பை பிரிந்த சங்கதி தெரியாமல் அப்போதுதான் ஹெர்பர்ட்டோடு புல்வெளிக்கு வந்து சேர்ந்தார் தனசிங். யூனிஸ் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பின் சீட்டு காலியா இருக்கு. வர்றீங்களா?"

தனசிங் வெலவெலத்தார். "இன்னிக்கு நீயே பறக்க வேண்டாம் யூனிஸ்! கல்யாணப் பொண்ணு! காத்து வேற பேய் மாதிரி அடிக்குது!"

"நான் பறக்கத்தான் போறேன். உங்களுக்கு இலவசம் மாமா. வேற யாராச்சும்னா கிளப் டிக்கெட் போட்டுடும்."

இலவசம்!

தனசிங் என்கிற மனிதரின் உடம்பில் அந்தச் சொல்லுக்கென்றே ஒரு தனி நரம்பு இருந்தது. அவர் யூனிஸின் முதுகுப் பையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பிறகு பின் சீட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

விஞ்ச்சில் இருந்தவன் ஹெர்பர்ட். குந்தா பவர் ஹவுஸில் என்ஜினீயர். நடப்பது எதுவும் தெரியாமல் வருங்கால மனைவிக்கும் பெற்ற அப்பாவுக்கும் சேர்த்துக் கையாட்டினான்.

கயிறு விறைத்தது. கிளைடர் துள்ளி எழும்பியது.

"ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." பின் சீட்டிலிருந்து ஜபம் ஓயாமல் வந்தது.

உச்சியில் கயிறு 'டொங்'கென்று கழன்று விழுந்தது. எப்போதும் அப்படித்தான் விழும். அது தனசிங்குக்குத் தெரியாது.

கிளைடர் சரிவின் ஓரமாகத் திரும்பியது. கீழே தேயிலை. இந்தப் பக்கம் எட்டினால் தொடலாம் போலப் பாறை முகடு. காற்று ஏந்திக்கொண்டது. எஞ்சின் இல்லை, இரைச்சல் இல்லை. மேலே மூடி கூட இல்லாத கிளைடர். கொழுந்துக் காட்டில் வேலாயி இருமுவது இங்கே கேட்டது.

யூனிஸ் ஸ்டிக்கை ஓர் ஆட்டு ஆட்டினாள்.

"மாமா! வால் பக்கம் என்னமோ உடைஞ்சு போச்சு!"

"எ... என்னது?"

"இறக்க முடியாது! குதிக்கணும்! சீட்டுப் பட்டையை அவிழ்த்துட்டு வெளியே பாயுங்க. ரெண்டு நொடி கழிச்சுக் கைப்பிடியை இழுங்க. உங்க பின்னாடியே நானும் குதிக்கறேன்!"

பின் சீட்டில் பட்டை அவிழும் சத்தம் கேட்டது.

யூனிஸ் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் வாயைத் திறக்காமல் குதித்தால் கொலைகாரர். அவள் செத்தால் எல்லாமே அவளோடு போய்விடும். திருட்டு, தராசு, புகார், எல்லாம்!

ஒரு கணம்.

இன்னொரு கணம்.

பின் சீட்டு காலியாகிவிட்டதா?

"குதிக்காதே யூனிஸ்!"

மலையே எதிரொலித்தது.

"நீ குதிக்காதேம்மா! உன் பையில பாராசூட் இல்லே! கம்பளிதான் இருக்கு! கம்பளியும் சாக்கும்! நான்தான் எடுத்தேன்! போன் பண்ணினதும் நான்தான்! அப்பவும் நீ கேக்கலியே... ஆண்டவரே... தராசும் பொய்தான்! எல்லாத்தையும் சொல்லிட்டேன்!"

யூனிஸ் திரும்பினாள். தனசிங் தன் முதுகுப் பையைக் கழற்றி இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் காற்றில் பக்கவாட்டில் ஓடியது.

"இந்தா... இதை மாட்டிக்க. நல்லது இது. நீ குதி. நான் வயசானவன். என் ஹெர்பர்ட்டை மட்டும் பாத்துக்க!"

தீக்குச்சியைக் கூடக் கடன் கொடுக்காத மனிதர்! யூனிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"மாமா... பையை மாட்டுங்க. பட்டையைப் போடுங்க. எதுவும் உடையலே."

"உடையலியா?"

"ஒண்ணுமே உடையலே மாமா!"

அதே நேரம் கீழேயிருந்து வேலாயியின் குரல் கணீரென்று ஏறி வந்தது.

"கேட்டுச்சுங்க ரைட்டரய்யா! தராசு பொய்யின்னது நல்லாக் கேட்டுச்சு! இன்னொருக்கா சொல்லுங்க, இன்ஸ்பெக்டர் ஐயா எழுதிக்கிறாராம்!"

கிளைடர் புல்வெளியில் இறங்கி நின்றது. ஹெர்பர்ட் ஓடி வந்தான். காட்டிலிருந்து கூட்டம் திரண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் விலங்கோடு சுடலைமுத்து.

"கொலை முயற்சியா, திருட்டான்னு பொறவு பாப்போம். மொதல்ல சொல்லும் வே! நைலான் துணி எங்க?"

தனசிங் தலையைக் குனிந்துகொண்டார்.

"குன்னூர் டெய்லர்கிட்டங்க."

"டெய்லருக்கு அது என்னத்துக்கு?"

"கவுன் தைக்க. வெள்ளைக் கவுன்."

"எவளுக்கு?"

தனசிங் விரலை நீட்டினார்.

விரல் யூனிஸைக் காட்டியது!

"கல்யாணக் கவுன் மாப்பிள்ளை வீட்டுச் செலவுன்னு மாதாகோயில்ல வச்சுச் சொல்லிட்டேனுங்க. துணி விலையைக் கேட்டா மயக்கம் வருது. இங்க ஸ்டோர்ல முதல்ல கைக்கு அகப்பட்ட பையில பட்டு மாதிரி வெள்ளை நைலான் சும்மா மடிஞ்சு கிடக்குது. ஆபத்து வந்தாத்தானே பிரிப்பாங்க? கல்யாணம் வரைக்கும் பறக்க மாட்டேன்னு வேற சொன்னா. முடிஞ்சதும் கவுனைப் பிரிச்சு, ஒட்டுப் போட்டு, திரும்ப மடிச்சு வச்சிடலாம்னு..."

"ஒட்டுப் போட்டா?" சகாயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாராசூட்டுக்கு ஒட்டுப் போட்டா?"

"அப்பா!" என்றான் ஹெர்பர்ட். தலையில் கை வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் யூனிஸைப் பார்த்தார்கள். அவள் செத்திருப்பாள். ஓர் உடுப்புக்காகச் செத்திருப்பாள். அந்த நினைப்பில் கோபம் வந்தது. தன் உயிரைக் கழற்றி நீட்டிய அந்த இரண்டு கைகளும் கூடவே ஞாபகம் வந்தன.

"சகாயண்ணா, சந்தேகப்பட்டு உங்களைத்தான் ஜீப்புல ஏத்தப் பாத்தாங்க. நீங்க சொல்லுங்க. கேஸா, கல்யாணமா?"

சகாயம் மீசையைத் தடவினார். "கல்யாணம்னா பிரியாணி உண்டுங்களா?"

"மாமா செலவுல. தோட்டம் மொத்தத்துக்கும்."

தனசிங் "ஐயோ!" என்றார்.

"புதுப் பாராசூட்டும் அவர் செலவு. புதுத் தராசும் அவர் செலவு. இத்தனை நாள் முழுங்கின கொழுந்துக்கெல்லாம் இவங்களுக்குக் கூலி வந்தாகணும். புதன்கிழமைக்குள்ள ஆரம்பிக்கலேன்னா நானே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுப்பேன் சார்."

"விலங்கே தேவலைங்க," என்று முனகினார் தனசிங். சுடலைமுத்து விலங்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை.

மாதாகோயில் மணி அடித்தது. வாசலில் புதுத் தராசுக்கு மாலை போட்டு வைத்திருந்தாள் வேலாயி. ஹெர்பர்ட் கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான். கார் வந்து நின்றது. யூனிஸ் இறங்கினாள்.

தரையைத் தொடும் வெள்ளைக் கவுன். மலைக்காற்றில் அது குடை மாதிரி விரிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஏம்மா, வேற கவுன் வாங்கலியா? எவிடென்ஸையே உடுத்திட்டு வந்திருக்கியளே!" என்றார் சுடலைமுத்து.

"தையல் கூலி கொடுத்தாச்சாம் சார். மாமா விடமாட்டேன்னுட்டார்!"

சகாயம் பக்கத்தில் வந்து, பழக்க தோஷத்தில் தையலை ஓரம் ஓரமாக இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"தைரியமாப் போங்க அம்மிணி. ஊர்ல எல்லாரும் கல்யாணத்துல சும்மாவேதான் குதிக்கறாங்க. பாராசூட்டோட குதிக்கற மொத ஆளு நீங்கதானுங்க!"